அறுந்த செயினைக் கோர்ப்பதற்கு முன்

பழைய சைக்கிளில் அறுந்த செயினைக் கோர்த்து மாட்டுவது பழகிய கைக்குப் பத்து நிமிஷ வேலை. அது ஏன் அறுந்தது என்று கண்டுபிடிக்கத்தான் நேரம் ஆகும். பெரும்பாலும் அந்த வேலையை யாரும் செய்வதில்லை. அறுந்த இடத்தில் லாக் என்னும் இணைப்புக் கண்ணி ஒன்றைப் போட்டு, பின்சக்கரத்தை இழுத்து டைட் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். நாலு நாள் ஓடும். அப்புறம் பக்கத்துக் கண்ணி போகும். இல்லாவிட்டால் மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் கழன்று, மிதித்த கால் சட்டென்று கீழே போய், ஆள் பார் மேலே விழுவார். அதனால் சுத்தியலை எடுப்பதற்கு முன் அறுந்த துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இன்றைக்கும் தினசரி வேலைக்கு ஓடுகிற பழைய சைக்கிள் என்றால் இரண்டு வகைதான் அதிகம். ஒன்று, பால் கேன் மாட்டிய 28 அங்குலக் கறுப்பு சைக்கிள். இன்னொன்று, பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள். பிள்ளை கல்லூரிக்குப் போனதும் அதை அப்பா தோட்டத்துக்கு எடுத்துக்கொள்வார். அதற்குப் பிறகு அதன் செயினை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இரண்டிலும் கியர் கிடையாது. முன்னே ஒரு செயின் வீல், பின்னே ஒரு ஃப்ரீவீல். செயினும் ஒரே அளவு: பிட்ச், அதாவது ஒரு ரிவிட்டின் நடுவிலிருந்து அடுத்த ரிவிட்டின் நடு வரை, அரை அங்குலம்; உள் அகலம் 1/8 அங்குலம். கடையில் "அரைக்கு அரைக்கால்" என்றெல்லாம் சுற்றிச் சொல்ல வேண்டாம். "கியர் இல்லாத சைக்கிள் செயின்" என்று கேட்டு, பழைய துண்டு ஒன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். கியர் சைக்கிள் செயினின் உள் அகலம் 3/32 அங்குலம்தான். அதைப் பழைய செயின் வீலில் போட்டால் பல் மேலேயே உட்கார்ந்துகொள்ளும், உள்ளே இறங்காது. மோட்டார் பைக்கின் 428 செயினுக்கும் பிட்ச் அரை அங்குலம்தான். ஆனால் அகலமும் ரிவிட் கனமும் வேறு. அதன் லாக்கை இதில் போட முயன்று தகட்டுத் துளையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

செயினின் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு உள் கண்ணி, ஒரு வெளிக் கண்ணி என்று மாறி மாறி வரும். உள் கண்ணியில் இரண்டு தகடுகளுக்கு நடுவே புஷ் என்னும் சிறு குழல் இரண்டு அழுத்தி ஏற்றியிருக்கும். ஒவ்வொரு புஷ்ஷின் மேலும் ஒரு ரோலர் தளர்வாகச் சுற்றும். வெளிக் கண்ணியின் இரண்டு தகடுகளையும் ரிவிட் பிடித்திருக்கும். அந்த ரிவிட் புஷ்ஷின் உள்ளே திரும்பும். 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கிய அமைப்பு இது. நம் பழைய சைக்கிள் செயின் இன்றும் அதே அமைப்புதான். தேய்மானம் நடப்பது ரிவிட்டும் புஷ்ஷும் உரசும் அந்த இடத்தில்தான், கண்ணுக்குத் தெரியாத உட்பக்கத்தில். "செயின் நீண்டுபோச்சு" என்கிறோம். தகடு நீள்வதில்லை. நூறு சொச்சம் ரிவிட்டுகளும் தலைக்கு ஒரு மயிரிழை தேய்வதால் மொத்த நீளம் கூடுகிறது.

அறுந்த துண்டு என்ன சொல்கிறது

60 கிலோ எடையுள்ளவர் பெடல் மேல் முழுப் பாரத்தையும் போட்டு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெடல் மாட்டியிருக்கும் கை, அதாவது கிராங்க்கின் நீளம் 6½ அங்குலம். 44 பல் செயின் வீலின் ஆரம் 3½ அங்குலம். அப்படியானால் செயினில் விழும் இழுவை 60-ஐ 6½-ஆல் பெருக்கி 3½-ஆல் வகுத்தால் வருவது, சுமார் 111 கிலோ. நல்ல நிலையில் இருக்கும் செயின் இதைப் போலப் பல மடங்கு தாங்கும். ஆகவே ஆள் மிதித்து மட்டும் நல்ல செயின் அறுவதில்லை. அறுந்தது என்றால் அந்தக் கண்ணியில் முன்பே ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது.

வெளித் தகடு ரிவிட் துளைக்கு நேராக விரிந்து கிழிந்திருந்தால், வெடிப்பு முன்பே விழுந்திருக்கும். முறிந்த முகத்தைப் பாருங்கள். பாதி கறுத்தோ துருப்பிடித்தோ, மீதி பளிச்சென்றும் இருந்தால், கறுத்த பாதி பழைய வெடிப்பு. இப்படி ஒன்று இருந்தால் செயின் முழுவதையும் துடைத்து, வெயிலில் பிடித்து ஒவ்வொரு துளையையும் பார்த்தே ஆக வேண்டும். இரண்டாவது வெடிப்பு கிடைத்தால் அந்தச் செயினை ஒட்டுப் போடாதீர்கள். புதிதாக வாங்கிவிடுங்கள்.

தகடு உடையாமல் ரிவிட்டிலிருந்து கழன்று ஒரு பக்கமாகத் திறந்திருந்தால், அந்த ரிவிட்டை யாரோ முன்பு ஒருமுறை தட்டி எடுத்து மறுபடி அடித்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் ரிவிட்டின் தலையை விரித்துவிடுவார்கள். அதைத் தட்டி வெளியே எடுக்கும்போது அந்த விரிந்த தலை துளையைச் சீவிக்கொண்டு வருகிறது. திரும்ப அடித்தால் பழைய பிடிப்பு வராது. ஒருமுறை தட்டிய ரிவிட்டில் மறுபடி கை வைப்பதை விட, அந்த வெளிக் கண்ணியையே எடுத்துவிட்டு லாக் போடுவதுதான் சரி.

லாக்கைப் பூட்டும் கிளிப் மட்டும் காணாமல் போயிருந்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம். கிளிப் தலைகீழாக மாட்டியிருக்கும், அல்லது ஸ்பிரிங் செத்த பழைய கிளிப்பாக இருக்கும், அல்லது செயின் கவர் நசுங்கி ஒவ்வொரு சுற்றுக்கும் கிளிப்பில் உரசியிருக்கும். கவரின் உட்பக்கம் பளபளவென்று கோடு விழுந்திருந்தால் மூன்றாவதுதான்.

ரோலர் பிளந்து விழுந்திருந்தால் பற்களைப் பாருங்கள். தேய்ந்த செயின் பல்லின் மேல் ஏறி ஏறி விழும்போதுதான் ரோலர் பிளக்கும்.

செயின் அறுந்துபோகவில்லை, அடிக்கடி கழன்றுவிடுகிறது என்றால் குற்றம் பெரும்பாலும் செயினுடையது அல்ல. "அண்ணா, எவ்ளோ டைட் வெச்சாலும் நிக்க மாட்டேங்குது" என்று வரும் சைக்கிளில் முதலில் கிராங்க்கைப் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் இரண்டு வாய்ப்பு. கிராங்க்கை அச்சோடு பிடிக்கும் காட்டர் பின் தளர்ந்திருந்தால் அந்தப் பக்கக் கிராங்க் மட்டும் ஆடும். பெடல் செய்யும்போது 'டக்' என்று ஒரு நழுவலும் தெரியும். பெடல் அச்சைத் தாங்கும் பி.பி. கப் தளர்ந்திருந்தால் இரண்டு கிராங்க்கும் சேர்ந்து ஆடும். அடுத்து, பெடலை மெதுவாகச் சுற்றி, செயின் வீல் நேராக ஓடுகிறதா, பாம்பு போல நெளிகிறதா என்று செயின் கவரின் விளிம்பைக் குறியாக வைத்துப் பாருங்கள். சைக்கிள் வலப்பக்கமாகக் கீழே விழுந்தால் செயின் வீல் வளைவது சகஜம். வளைந்த இடத்தில் மரக்கட்டையை வைத்துச் சிறிது சிறிதாகத் தட்டி நிமிர்த்தலாம். ஒரு பல் மட்டும் சாய்ந்திருந்தால் அட்ஜஸ்டபிள் ஸ்பேனரால் அந்தப் பல்லை மட்டும் கவ்வி நிமிர்த்துங்கள். கடைசியாக, பின்னால் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஃப்ரீவீலும் செயின் வீலும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பின்சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து மாட்டியிருந்தால் செயின் எப்போதும் ஒரு பக்கமாக ஏறப் பார்க்கும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. அறுப்புக் காலத்தில் கேழ்வரகையும் கொள்ளையும் தார் ரோட்டில் பரப்பிவிடுகிறார்கள். போகிற வண்டிகளே மிதித்து உதிர்த்துவிடும். அதன் மேல் சைக்கிள் போனால் கேழ்வரகுத் தாள் ஃப்ரீவீலுக்கும் ஹப்புக்கும் நடுவே சுற்றிக்கொள்ளும். கொள்ளுக் கொடி இன்னும் மோசம், நூல் மாதிரி இறுகிவிடும். அந்தச் சுற்று தடிக்கத் தடிக்கச் செயினைப் பல்லிலிருந்து வெளியே தள்ளும். எவ்வளவு டைட் வைத்தாலும் நிற்காது. சக்கரத்தைக் கழற்றி, ஃப்ரீவீலின் பின்னால் கத்தி நுனியை விட்டுச் சுற்றியிருப்பதை அறுத்து எடுத்தால் அந்த நிமிஷமே சரியாகிவிடும். பாலக்கோடு, காரிமங்கலம், ஊத்தங்கரை என்று எந்தப் பக்கம் ஓடும் சைக்கிளானாலும் தை மாதத்தில் இதை முதலில் பார்ப்பது நல்லது.

வைத்துக்கொள்ளலாமா, வீசலாமா

அறுந்த செயினை ஒட்டுப் போடும் முன் அது ஒட்டுப் போடத் தகுந்ததா என்று அளக்க வேண்டும். செயினை நேராக இழுத்துப் பிடித்து, ஒரு ரிவிட்டின் நடுவில் டேப்பின் சுழியத்தை வையுங்கள். புதுச் செயினில் 24 கண்ணி தாண்டிய ரிவிட்டின் நடு, சரியாக 12 அங்குலத்தில் இருக்கும். 12 1/16 என்றால் பாதி ஆயுள் போய்விட்டது, ஆனாலும் ஓடும். 12 1/8 தாண்டினால் நூற்றுக்கு ஒரு பங்கு நீண்டுவிட்டது என்று அர்த்தம். அதற்கு ஒட்டுப் போடுவது வீண். செயினின் மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது.

அளவு நன்றாக இருந்து, துருவால் மட்டும் விறைத்திருந்தால் காப்பாற்றலாம். ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்டது. டீசல் போதும். ஒரு பழைய டப்பாவில் செயின் மூழ்கும் அளவுக்கு ஊற்றி இரவு முழுதும் ஊறவிட்டு, காலையில் ஒவ்வொரு மூட்டையும் கையால் மடக்கி நிமிர்த்துங்கள். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, அழுக்கு டீசலைக் கொட்டிவிட்டுப் புது டீசலில் இன்னொரு முறை அலசுங்கள். ரோலர்கள் விரலுக்குச் சுற்ற வேண்டும், எல்லா மூட்டும் தன் பாரத்திலேயே தொங்க வேண்டும். அப்படியும் மடங்க மறுக்கும் மூட்டு ஒன்றிரண்டு என்றால் மாற்றலாம். ஆறேழு இருந்தால் வீசிவிடுங்கள்.

பல்லையும் இப்போதே பாருங்கள். நல்ல பல் இரண்டு பக்கமும் ஒரே சரிவாக இருக்கும். தேய்ந்த பல் ஒரு பக்கம் குழிந்து கொக்கி போல வளைந்திருக்கும். ஃப்ரீவீலில் 18 பல், செயின் வீலில் 44 பல் என்றால், செயின் வீல் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஃப்ரீவீல் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றுகிறது. அதனால் ஃப்ரீவீல்தான் முதலில் போகும். கொக்கிப் பல்லில் புதுச் செயினைப் போட்டால் அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் தாவும். பல ஆண்டு ஓடிய செயினை மாற்றும்போது ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்றுவதே மலிவு.

செயினின் மேல் பழி விழும் இன்னொரு கோளாறும் இங்கே உண்டு. மிதிக்கும்போது பெடல் திடீரென்று காலியாகச் சுற்றுகிறது, ஆனால் செயின் பல்லிலேயே இருக்கிறது என்றால் அது ஃப்ரீவீலின் உள்ளே. பால் (pawl) என்று சொல்லும் சிறு நாக்குகள் மண்ணும் கெட்டியான கிரீஸும் அடைத்து எழும்பாமல் ஒட்டிக்கொள்கின்றன. ஃப்ரீவீலைச் சாய்த்து, அதன் இடைவெளியில் டீசலை ஊற்றிப் பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றிக் கழுவி, பிறகு மெல்லிய எண்ணெய் விடுங்கள். கிரீஸ் வேண்டாம். திறந்துதான் ஆக வேண்டும் என்றால் இரண்டு சிறு குழி உள்ள மூடி இடப்புரி மரை, கடிகார முள் திசையில் திருகினால்தான் கழலும். உள்ளே 1/8 அங்குலப் பால்ரஸ் கொட்டும். துணி விரித்துக்கொண்டு திறங்கள்.

வெட்டுவதும் கோர்ப்பதும்

சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதில் நிறுத்துங்கள், பின்சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும். பின் அச்சின் இரு பக்க நட்டுகளையும் தளர்த்தி, செயின் அட்ஜஸ்டர் இருந்தால் அதையும் தளர்த்தி, பின் அச்சு உட்காரும் காடியில் சக்கரத்தை முன்னுக்குத் தள்ளிவிடுங்கள். செயினைக் கோர்க்கும்போது தொய்வு வேண்டும். இழுத்துப் பிடித்துக்கொண்டு கோர்ப்பது வீண் போராட்டம்.

இனி ஒரு சின்னக் கணக்கு. இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் எங்கும் தடுமாற்றம் வராது. லாக் என்பது ஒரு வெளிக் கண்ணி. எனவே லாக் போட வேண்டுமானால் செயினின் இரண்டு முனைகளும் உள் கண்ணியாக இருக்க வேண்டும். அறுந்தது ஒரு வெளிக் கண்ணி என்றால் அதிர்ஷ்டம். அதை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் லாக் போட்டால் நீளம் மாறாது. உடைந்தது உள் கண்ணி என்றால் அதையும் அதன் இரு பக்க வெளிக் கண்ணிகளையும் சேர்த்து மூன்றை எடுத்து, ஒரு லாக் போட வேண்டும். மூன்று போய் ஒன்று வருவதால் செயின் ஒரு அங்குலம் குறையும், சக்கரம் காடியில் அரை அங்குலம் முன்னே வரும். நீண்டுபோன செயினில் பெரும்பாலும் அதற்கு இடம் இருக்கும். இடம் இல்லை என்றால் பழைய செயினிலிருந்து ஒரு நல்ல உள் கண்ணியை எடுத்து, அதன் இரு பக்கமும் ஒவ்வொரு லாக் போட்டு இடைவெளியை நிரப்பலாம். ஒரே செயினில் இரண்டு லாக் நிரந்தர ஏற்பாடு அல்ல, ஆனாலும் ஓடும்.

அரைக் கண்ணி என்று ஒன்றும் உண்டு. ஒரு முனை அகலமாகவும் மறு முனை குறுகலாகவும் இருக்கும். சக்கரத்தைக் காடியின் கடைசி வரை இழுத்தும் செயின் தொய்வாகவே இருந்து, ஒரு அங்குலம் குறைத்தால் மாட்டவே முடியவில்லை என்னும் இக்கட்டில் இது அரை அங்குலத்தில் தீர்வு தரும். ஆனால் செயின் தேய்ந்து நீண்டதால்தான் காடியின் கடைசிக்குப் போனது என்றால், அரைக் கண்ணி போடுவது நோயை மறைக்கும் வேலை.

ரிவிட்டைத் தள்ள செயின் கட்டர் இருந்தால் நல்லது. கட்டரின் ஊசி ரிவிட்டின் நடுவில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மெதுவாகத் திருகுங்கள். சாய்ந்தால் ஊசிதான் உடையும். கட்டர் இல்லையா, முதலில் அரத்தால் ரிவிட்டின் விரிந்த தலையைத் தகட்டு மட்டத்துக்கு ராவிவிடுங்கள். இதைச் செய்தால் துளை சிதையாது. பிறகு ஒரு கனமான இரும்பின் மேல் நட்டு ஒன்றை வைத்து, அதன் துளைக்கு நேராக ரிவிட் வரும்படி கண்ணியை வையுங்கள். ரிவிட்டின் கனம் சுமார் 3.6 மி.மீ. தள்ளும் பஞ்ச் அதைவிட மெல்லியதாக, 3 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். பஞ்ச் கிடைக்காவிட்டால் கான்கிரீட் ஆணியின் கூரை ராவித் தட்டையாக்கிப் பயன்படுத்தலாம். சாதாரண ஆணி வளைந்துவிடும். கான்கிரீட் ஆணி தெறித்து உடையக்கூடியது, கண்ணுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு அடியுங்கள். செங்குத்தாக, சின்னச் சின்ன அடியாக அடிக்க வேண்டும். எடுத்துவிடப் போகும் கண்ணி என்றால் ரிவிட் முழுதும் வெளியே வரட்டும். அதே ரிவிட்டைத் திரும்பப் பயன்படுத்தும் கட்டாயம் இருந்தால், எதிர்ப்பக்கத் தகட்டில் ரிவிட் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். முழுக்க வெளியே வந்துவிட்டால் அதைத் திரும்பத் துளைக்குள் நேராக நுழைப்பதற்குள் பொழுது போய்விடும்.

புதுச் செயின் வாங்கினால் பெரும்பாலும் 112 கண்ணிகளோடு வரும். அப்படியே மாட்டக் கூடாது. பெடல் அச்சின் நடுவிலிருந்து பின் அச்சின் நடு வரை உள்ள தூரத்தை அங்குலத்தில் அளந்து நாலால் பெருக்குங்கள். அதோடு இரண்டு பற்சக்கரங்களின் பல் எண்ணிக்கையைக் கூட்டிப் பாதியைச் சேருங்கள். வரும் எண்ணுக்கு அடுத்த இரட்டைப்படை எண்தான் உங்களுக்கு வேண்டிய கண்ணிகள். தூரம் 18½ அங்குலம், பற்கள் 44, 18 என்றால் 74-உம் 31-உம் சேர்ந்து 105. ஆகவே லாக்கையும் சேர்த்து 106. அளக்கும்போது சக்கரத்தைக் காடியின் முன்பகுதியில் வையுங்கள். செயின் தேயத் தேயப் பின்னுக்கு இழுக்க இடம் வேண்டும். வெட்டிய மிச்சத் துண்டை வீசாதீர்கள். அடுத்த ஒட்டுக்கு நல்ல உள் கண்ணி அதிலிருந்துதான் வரும்.

முழுக் கவர் உள்ள சைக்கிளில் செயினை உள்ளே விடுவது பெரிய தொல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பழைய செயின் இன்னும் உள்ளேயே இருந்தால் அதன் முனையோடு புதுச் செயினின் முனையை லாக்கால் தற்காலிகமாக இணைத்து, மறுமுனையை இழுங்கள். பழையது வெளியே வர, புதியது தானாகப் பற்களைச் சுற்றி உள்ளே போய்விடும். பழையது ஏற்கெனவே அறுந்து விழுந்துவிட்டால் ஒரு சணல் கயிற்றைப் பற்களின் மேலாகச் சுற்றி வெளியே கொண்டுவந்து, அதில் செயின் முனையைக் கட்டி இழுக்கலாம்.

இரண்டு முனைகளையும் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு லாக் போட முயலாதீர்கள். ஃப்ரீவீலின் பின்பக்கத்தில் பல் மேல் இரண்டு முனையையும் உட்கார வையுங்கள். பல்லே அவற்றைச் சரியாக அரை அங்குல இடைவெளியில் பிடித்துக்கொள்ளும். லாக்கின் இரண்டு முளைகளும் உள்பக்கத்திலிருந்து, அதாவது சக்கரத்தின் பக்கத்திலிருந்து வெளியே வரட்டும். இடம் நெருக்கினால் செயின் வீல் பக்கம் வைத்துச் செய்யுங்கள். வெளியே வந்த முளைகளில் தகட்டைப் போட்டு அழுத்துங்கள். இங்கே ஒரு கணம் நின்று பாருங்கள்: இரண்டு முளைகளிலும் கிளிப் உட்கார வேண்டிய பள்ளம் தகட்டுக்கு வெளியே முழுதாகத் தெரிய வேண்டும். பாதிதான் தெரிகிறது என்றால் தகடு சரியாக இறங்கவில்லை. பிளேயரால் அழுத்தி இறக்குங்கள். அப்படியும் இறங்காவிட்டால் அந்த லாக் உங்கள் செயினைவிடக் குறுகியது. மாற்றுங்கள்.

கிளிப்பின் ஒரு முனை மூடியிருக்கும், மறு முனை இரண்டு கால்களாகப் பிளந்திருக்கும். மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல் ஓட்டத்தில் செயின் முன்னோக்கிப் போகிறது, ஆகவே லாக் மேலே இருக்கும்போது மூடிய முனை ஹேண்டில்பார் பக்கம் இருக்கும். கீழே வரும்போது அதுவே பின்பக்கம் பார்க்கும், அதுவும் சரிதான். தலைகீழாக மாட்டினால் கவரோ ஒரு தாளோ குச்சியோ பிளந்த முனையில் இடித்துக் கிளிப்பைத் தள்ளிவிடும். மாட்டும்போது மூடிய முனையில் பிளேயரின் ஒரு தாடையையும், பிளந்த பக்கத்து முளையில் இன்னொரு தாடையையும் வைத்து அமுக்குங்கள். 'டிக்' என்ற சத்தம் வரும். நகத்தால் தள்ளிப் பார்த்தால் அசையக் கூடாது. கழற்றிய கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள். லாக் மிக மலிவு, புதிதாக ஒன்று போடுங்கள். கழற்றும்போது உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஸ்குரூ டிரைவரால் நெம்புங்கள், இல்லாவிட்டால் கிளிப் பறந்துவிடும்.

ரிவிட் அடித்துக் கோர்த்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடித்த வேகத்தில் தகடுகள் நெருங்கி அந்த மூட்டு விறைத்திருக்கும். அப்படியே விட்டால் ஃப்ரீவீலைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் துள்ளும், ஒரு நாள் கழலும். மூட்டின் இரு பக்கமும் கட்டைவிரல்களை வைத்து, செயின் மடங்காத திசையில், அதாவது பக்கவாட்டில், இப்படியும் அப்படியும் மெதுவாக வளைத்தால் இளகிவிடும். ரிவிட் இரு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும்.

டைட்

பெரிய தவறுகள் நடப்பது இங்கேதான். செயின் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் தந்திக் கம்பி போல இறுக்கிவிடுகிறார்கள். இறுக்கிய செயின் ஃப்ரீவீல், பி.பி. இரண்டையும் சேர்த்துத் தின்னும், மிதிக்கவும் கனக்கும். செயின் வீலுக்கும் ஃப்ரீவீலுக்கும் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் அரை அங்குலம் ஆட வேண்டும். ஆனால் ஒரே இடத்தில் பார்த்து நட்டை முடுக்கிவிடக் கூடாது. பழைய செயின் வீல் எதுவும் முழு வட்டமாக இருப்பதில்லை. பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக்கொண்டே பார்த்தால் ஒரு இடத்தில் இறுகும், ஒரு இடத்தில் தளரும். அதிகம் இறுகும் இடத்தில் அரை அங்குலம் ஆடும்படி வையுங்கள். தளரும் இடத்தில் ஒரு அங்குலத்துக்கு மேல் தொங்கினால் செயின் வீல் வட்டம் தப்பியிருக்கிறது. அதை மாற்றாமல் தீராது.

சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, முதலில் செயின் பக்க நட்டைப் பாதி முடுக்குங்கள். பிறகு டயர் ஃப்ரேமின் இரண்டு பின்கம்பிகளுக்கும் சரியாக நடுவில் வரும்படி தள்ளிவைத்து இடப்பக்க நட்டை முடுக்கி, கடைசியாக இரண்டையும் நன்றாக இறுக்குங்கள். ஸ்டாண்டின் கம்பியும் கேரியர் கம்பியும் மட்கார்டு கம்பியும் அதே அச்சில்தான் உட்காருகின்றன. வாஷரை விட்டுவிடாதீர்கள். சக்கரம் நகர்ந்ததால் பின் பிரேக் பிளாக்குக்கும் ரிம்முக்கும் இடைவெளி மாறியிருக்கும். பிரேக் கம்பியின் நட்டையும் ஒருமுறை சரிபார்க்காமல் சைக்கிளைத் தெருவில் இறக்காதீர்கள். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் சாலை மாதிரி இறக்கத்தில் போகிறவர்களுக்கு இது செயினைவிட முக்கியம்.

எண்ணெய்

செம்மண் ஒட்டும், கழுவினால் போய்விடும். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரி, கிரஷர் வழியாகப் போகும் சாலைகளின் தூசுதான் செயினுக்குக் கொடியது. அதில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் இரும்பையே கீறும். எண்ணெயோடு கலந்து ரிவிட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே போனால் அரம் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். ஆகவே எண்ணெயை மேலே வழியவிடுவது நல்லதல்ல. வண்டிக் கடையில் வடித்த கறுப்பு எண்ணெயை ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் ஏற்கெனவே இரும்புத்தூளும் கரியும் இருக்கின்றன. தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துக் காயும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்து மார்கழிக் குளிரில் உறைந்தே போகும். தையல் மெஷின் எண்ணெய் நன்றாக உள்ளே இறங்கும், ஆனால் சீக்கிரம் போய்விடும், மழையில் நிற்காது. புதிய இன்ஜின் ஆயில் 20டபிள்யூ-40 போதுமானது.

ஒவ்வொரு ரோலரிலும் ஒரு சொட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே விடுங்கள். பத்து நிமிஷம் விட்டு, கீழ் ஓட்டத்தின் நடுவில் துணியால் பிடித்து, பெடலைப் பின்பக்கமாகவே சுற்றி வெளியில் இருப்பதைத் துடைத்தெடுங்கள். உள்ளே இறங்கியது போதும். துணியைப் பல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். செயின் வீலில் சிக்கிய துணியோடு விரலும் போன கதை ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளைப் பெடல் சுற்றச் சொல்லவே வேண்டாம்.

கவரை மாட்டியதும் பெடலைச் சுற்றிக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'சர்க்' என்று வந்தால் வளைந்த செயின் வீல் உரசுகிறது. இரண்டு, மூன்று சுற்றுக்கு ஒருமுறை 'டிக்' என்று வந்தால் லாக்கின் கிளிப் கவரில் இடிக்கிறது. 106 கண்ணியும் ஒருமுறை சுற்றி வர 44 பல் செயின் வீல் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்ற வேண்டும், அதுதான் கணக்கு. கவரின் நசுங்கலை உட்பக்கத்திலிருந்து தட்டி நிமிர்த்துங்கள். மாட்டிய முதல் வாரத்தில் புதுச் செயின் சற்றுத் தளரும். அப்போது டைட்டை ஒருமுறை திருத்தி, இரண்டு அச்சு நட்டுகளையும் கிளிப்பையும் தொட்டுப் பாருங்கள். பால் கேனோ தக்காளிக் கூடையோ ஏற்றும் சைக்கிள் என்றால் இதை முதல் நாள் மாலையே செய்துவிடுங்கள்.